குடியிருப்போர் சங்கம்

மன்னிப்புக் கேட்க நான் வரல. முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் நீங்க அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க. கிரில்லையும் திறக்க வேண்டாம். வெளிய நின்னே சொல்லிட்டுப் போறேன். தண்ணி, காப்பி எதுவும் வேண்டாம். நீங்க கொடுக்கவும் மாட்டீங்க, தெரியும்.

என் பேரு பேச்சி. முழுப் பேரு பேச்சியம்மாள். ஜெராக்ஸ் கடைப் பொண்ணுன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. வாய்க்கொழுப்புப் பிடிச்சதுன்னும் சொல்லியிருப்பாங்க. ரெண்டும் சரிதான்.

உங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு வரும்போதே யோசிச்சேன். அம்மான்னு வராது, எனக்கு இருக்கிற ஒரு அம்மாவே போதும். ஆன்ட்டின்னே கூப்பிடுறேன்.

நயினார் சாரைப் பார்க்கணும்.

வீட்ல இல்லையா? சரி. அப்ப படியில கிடக்கிற செருப்பு யாரோடது ஆன்ட்டி? இடது செருப்புல வார் அறுந்து நீல நரம்பு போட்டுத் தச்சது. ஒரு வருஷத்துக்கு மேல வாரம் ரெண்டு நாள் அந்தச் செருப்பைப் பார்த்திருக்கேன். இருபது செருப்புக்கு நடுவுல கிடந்தாலும் எனக்குத் தெரியும். பரவாயில்ல, நீங்க இல்லைன்னா இல்லைதான். உங்ககிட்டயே சொல்றேன். கொஞ்சம் சத்தமாத்தான் வரும். என் தொண்டை அப்படி.

மணி நாலேகால். ஆறு மணிக்கு எங்கப்பாவுக்கு ஒரு வருஷம். குடிக்காம ஒரு வருஷம். அந்த மீட்டிங்குல அதைப் பிறந்தநாள்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாததா? நாற்பத்தாறு வயசு ஆளுக்கு முதலாம் பிறந்தநாள், வெளிய சொன்னா சிரிப்பாங்க. பித்தளையில ஒரு வில்லை கொடுப்பாங்க. அதை, அந்த ஆளை முதல்முதலா யார் கூட்டிட்டு வந்தாங்களோ அவங்கதான் கையில வைக்கணும். அங்க வழக்கம் அப்படி. எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனது உங்க வீட்டுக்காரர். அதுக்குத்தான் வந்தேன். இல்லைன்னா இந்த வைகறை நகர்ப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.

ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா, நானே சொல்றேன்.

எங்கப்பா சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி பலகை அடிக்கிற வேலை. குடிச்சிட்டுச் சாரத்துல ஏறி, விழுந்து, கையை ஒடிச்சுக்கிட்டாரு. பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்ட நர்ஸம்மா எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க: குடியை விடுறதுக்கு ஒரு சங்கம் இருக்கு, வைகறை நகர்ப் பக்கம், மருந்து மாத்திரை கிடையாது, சும்மா உக்காந்து பேசுவாங்க, போய்ப் பாருங்கன்னு. எங்கம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு கிடையாது. "நீ சும்மாதான இருக்க, கூட்டிட்டுப் போ"ன்னாங்க. நான் சும்மா இல்ல. அப்பதான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தேன். அது எங்கம்மாவுக்குச் சும்மா.

ஒரு ஞாயித்துக்கிழமை. ஆட்டோ புடிச்சேன். ஆட்டோக்காரர்கிட்ட "வைகறை நகர்ல குடிக்கிறவங்க சங்கம்"னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. "வைகறை நகர்ல குடி... சங்கம் ஒண்ணு இருக்காமே"ன்னேன். நடுவுல இருமிக்கிட்டேன். அவரு, "இருக்கு பாப்பா, தெரியும்"னு நேரா உங்க தண்ணித் தொட்டிக்குக் கீழ கொண்டாந்து இறக்கிட்டாரு. போர்டு இருந்துச்சு. வைகறை நகர் குடியிருப்போர் நலச்சங்கம்.

நான் நின்னு யோசிச்சேன். எங்கப்பா எட்டாவது படிச்சவரு. கட்டுப் போட்ட கையை வச்சு ஒவ்வொரு எழுத்தா காட்டி வாசிக்கிறாரு. "குடியில்... இருப்போர்... நலச்சங்கம். சரியாத்தான் புள்ள எழுதியிருக்கான். நாங்க குடியிலதானே இருக்கோம்." 

சிரிக்காதீங்க ஆன்ட்டி. சிரிக்கலயா? சரி, உதடு அப்படிப் போச்சு.

உள்ள போனோம். உங்களுக்குத் தெரியும், நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்க. பொம்பளைங்க வரிசையில ரெண்டாவது நாற்காலி, பச்சைச் சேலை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கடைசி வரிசையில உக்காந்தோம். சாக்கடை பத்திப் பேசினாங்க. எங்கப்பா தலையை ஆட்டிக்கிட்டே கேக்குறாரு. "ஆமா, சாக்கடையில விழுந்த கதையெல்லாம் பேசுறாங்க"ன்னு என் காதுல சொல்றாரு. அப்புறம் தெருநாய். அதுக்கும் தலையாட்டுறாரு. நாய் எங்கப்பாவை ரெண்டு தடவை கடிச்சிருக்கு, அதுனால அதுவும் சம்பந்தப்பட்டதாத்தான் இருந்துச்சு அவருக்கு. எனக்குச் சந்தேகம். ஆனா எந்திரிச்சுப் போனா எல்லாரும் பார்ப்பாங்களேன்னு இருந்தேன்.

அப்பதான் செயலாளர் ஜெகவீரன் சார், "புதுசா வந்திருக்கிறவங்க எந்திரிச்சு அறிமுகம் பண்ணிக்கலாம்"னாரு.

எங்கப்பா எந்திரிச்சாரு. நான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன். உக்காரல. "என் பேரு கருத்தப்பாண்டி. இவ பிறந்த வருஷத்துல இருந்து குடிக்கிறேன். பதினேழு வருஷம் ஆச்சு. விட முடியல. நீங்கள்லாம் எப்படி விட்டீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஜெகவீரன் சாருக்கு ஒண்ணும் புரியல. "நீங்க எந்தக் குறுக்குத் தெரு?"ன்னாரு.

"எல்லாத் தெருவிலயும் விழுந்திருக்கேன் சார்"னாரு எங்கப்பா.

சிரிச்சாங்க பாருங்க. எண்பத்தி நாலு வீட்டுக்காரங்களும் சேர்ந்து. நீங்களும் சிரிச்சீங்க. முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. நான் பார்த்தேன். அன்னைக்கு நான் ஒவ்வொரு வாயா பார்த்தேன். சிரிக்காத வாய் ஒண்ணே ஒண்ணுதான், உங்க வீட்டுக்காரரோடது.

வெளிய வந்துட்டோம். எங்கப்பா தொட்டிக்குக் கீழ குழாய்ல மூஞ்சி கழுவப் பார்க்கிறாரு, ஒரு கையால. தண்ணி வரல. நயினார் சார் பின்னாடியே வந்து, இடுப்புல இருந்த சாவியை எடுத்து, மோட்டார் போட்டு விட்டாரு. தண்ணி வந்துச்சு. "நீங்க தேடி வந்தது இது இல்ல. நாளன்னைக்கு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வீடு எங்க?"ன்னு கேட்டாரு. எங்கப்பா, "நீங்க அதுல டாக்டரா சார்?"னாரு.

"இல்ல. நானும் அதான்."

அவ்வளவுதான் சொன்னாரு. சொல்லும்போது அந்தச் சங்கக் கட்டடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டாரு. அது எதுக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்.

மீட்டிங் எங்கன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா நீங்க உள்ள போனதில்ல, அதுனால சொல்றேன். அந்த ஆரம்பப் பள்ளிக்கூடம், மாடியில ஒண்ணாங் கிளாஸ். பள்ளிக்கூடமே வேண்டாம்னு வந்தவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்ட ஆளு எங்கப்பா. சின்னப் பிள்ளைங்க பெஞ்சு. அதுல அம்பது வயசு, அறுபது வயசு ஆளுங்க முழங்கால் நாடியில இடிக்க உக்காந்திருப்பாங்க. செவுத்துல அணில், ஆடு, இலை. எனக்கு அதைப் பார்த்ததுமே ஆத்திரம் வந்துச்சு. குடிக்கிறப்ப பெரிய மனுசன், விடுறப்ப ஒண்ணாங் கிளாஸா?

அதைவிட ஆத்திரம் அவங்க பேசுறது. ஒவ்வொருத்தரா எந்திரிக்கணும். "என் பெயர் இன்னார். நான் ஒரு குடிநோயாளி." உடனே எல்லாரும் சேர்ந்து "வணக்கம் இன்னார்." ஒண்ணாங் கிளாஸ்ல டீச்சர் வந்தா சொல்ற மாதிரி இழுத்து. நயினார் சார் குரல்தான் முதல்ல வரும். அதுக்குப் பின்னாடி மத்தவங்க குரல்.

குடிநோயாளியாம். நான் சார்கிட்ட நேராவே கேட்டேன். "நோயாளின்னா காய்ச்சல் வரும், சளி வரும். கடையில போய் வரிசையில நின்னு வாங்கிக் குடிக்கிறது எப்படி சார் நோயாகும்? குடிகாரன்னு சொல்லுங்க, அதுதான் பேரு." சார் கோவப்படல. "உனக்கு வர்ற சொல்லைச் சொல்லும்மா. எங்களுக்கு எந்திரிச்சு நிக்க ஒரு சொல்லு வேணும், அதுக்கு இது"ன்னாரு. இப்படித்தான் பேசுவாரு. ஒரு சண்டையும் போட விடமாட்டாரு.

நான் உள்ள போக மாட்டேன். மாடிப்படியில உக்காந்துக்குவேன். அப்பா கூடப் போய்ட்டு வான்னு எங்கம்மா சொன்னாங்க, அவரு வேற எங்கயும் போயிடக் கூடாதுன்னு. அதுக்காகப் போனேன். அவ்வளவுதான். செவ்வாய், சனி. ஒரு நாளும் விடல. மழை பெய்ஞ்ச அன்னைக்குக்கூட. ஜெராக்ஸ் கடையில வேலை கிடைச்சப்பகூட முதலாளிகிட்ட செவ்வாய் சனி அஞ்சரைக்கே கிளம்பிடுவேன்னு சொல்லித்தான் சேர்ந்தேன். கடமைக்குத்தான். மத்தபடி அங்க என்ன இருக்கு? டீ நல்லா இருக்கும். சார் படி வரைக்கும் வந்து ஒரு டம்ளர் வச்சிட்டுப் போவாரு. நான் கேட்டதே இல்ல.

முதல் தீபாவளிக்கு எங்கப்பா திரும்பக் குடிச்சாரு. ஒரு மாசமா குடிக்காம சேர்த்த நாள் எல்லாம் போச்சு. மறுபடி ஒண்ணுல இருந்து. நான், போதும், இந்த ஆளு தேறமாட்டாருன்னு சொல்லிட்டேன். சார் வந்தாரு. ரெண்டு நாள் பகல் முழுக்க எங்க வீட்ல தரையில உக்காந்திருந்தாரு. நீங்க சுட்ட முறுக்கு கொண்டு வந்தாரு. அதுல உப்பு அதிகம். எங்கப்பா நடுங்குறாரு, வாந்தி எடுக்கிறாரு, இவரு வாளியை எடுத்துக்கிட்டு அலையுறாரு. அவரு என்ன எங்களுக்குச் சொந்தமா பந்தமா? எங்க பெரியப்பா அடுத்த தெரு, எட்டிப் பார்க்கல. அந்தத் தீபாவளியில இருந்துதான் இன்னைக்கு ஒரு வருஷம்.

அதுக்கப்புறம் குடிக்கல. நான் பொய் சொல்ல மாட்டேன், குடிக்கல. பைத்தியம்தான் பிடிச்சிருக்கு. டி.வி.யில பாட்டுப் போட்டியில ஒரு சின்னப் பிள்ளை, "என் பெயர் தர்ஷினி"ங்குது. எங்கப்பா சோத்துல கையை வச்சுக்கிட்டே "வணக்கம் தர்ஷினி"ங்கிறாரு. ரேஷன் கடையில ஒருத்தர் போன்ல, "ஹலோ, என் பெயர் வேல்ச்சாமி"ங்கிறாரு, இவரு வரிசையில நின்னுக்கிட்டு "வணக்கம்"ங்கிறாரு. வாய் தானா வந்துருதாம். நிறுத்த முடியாதாம். அதுக்கு ஒரு சங்கம் தேடணும் இனி.

சரி, சரி, விஷயத்துக்கு வர்றேன். கிரில்லைப் புடிச்சுக்கிட்டு ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நீங்க எதுக்குப் பார்க்கிறீங்கன்னு தெரியும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, அதை யாரும் பேச மாட்டாங்க. எங்கப்பா அங்க என் கதையைச் சொல்லிட்டாரு. போன ஆவணி மாசம். படியில உக்காந்திருக்கேன், ஜன்னல் வழியாக் கேக்குது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அன்னைக்கு அவரு குடிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. புதுப் பேனா வாங்கிட்டு வந்தாராம் எனக்கு. லேப் வாசல்ல நின்னு "பேச்சி, பேனா... பேச்சி, பேனா"ன்னு கத்தினது. நான் ஓடிப்போய் வெளிய தள்ளினப்ப கண்ணாடிச் சாமான் சரிஞ்சு உடைஞ்சது. வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் பார்த்துக்கிட்டு நின்னது. எல்லாத்தையும் சொல்லிட்டு, "என் மக படிப்பை நான்தான் நிறுத்தினேன்"னு அழறாரு.

பொய். அவரு ஒண்ணும் நிறுத்தல. நானாத்தான் நின்னேன். எனக்கு அந்த லேப் நாத்தமே ஆகாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அன்னைக்குக் கண்டுபிடிக்கச் சொல்லி எனக்கு வந்த உப்பு என்னன்னுகூட எனக்குத் தெரியும். அம்மோனியம் குளோரைடு. எழுதியிருந்தா முழு மார்க். எழுதல, அவ்வளவுதான். எழுத வேண்டாம்னு நினைச்சேன், எழுதல.

பதினாலு ஆம்பளைங்க முன்னாடி என் கதையைச் சொல்ல இவரு யாரு? மீட்டிங் முடிஞ்சு சார் படியில வந்து உக்காந்தாரு. "கேட்டுட்டியாம்மா?"ன்னாரு. "இங்க கேட்டது இங்கயே இருக்கும். யாரும் வெளிய கொண்டு போக மாட்டாங்க. அதை வச்சுத்தான் இந்தக் கூரையே நிக்குது"ன்னாரு. நான், "உங்க கூரை விழட்டும்"னேன். அப்படியே சொன்னேன். அவரு டம்ளரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அடுத்த மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனா ஜெகவீரன் சார் சொன்ன மாதிரி நடக்கல. நான் சொல்றேன்.

கடைக்கு வந்தாரு, சங்க நோட்டீஸ் எண்பத்தி நாலு காப்பி எடுக்க. மெஷின் ஓடுது. என்னை உத்து உத்துப் பார்த்தாரு. "நீ அன்னைக்குச் சங்கத்துல வந்து கூத்தடிச்ச குடிகாரன் மகதானே?"ன்னாரு. கடையில நாலு பேரு நிக்கிறாங்க. "எல்லாத் தெருவிலயும் விழுந்திருக்கேன்னானே, இப்ப எந்தத் தெருவுல விழுந்து கிடக்கான்?"

எனக்கு எங்கப்பா மேல பாசம் கீசம்லாம் கிடையாது. குடிகாரன்னு நானே சொல்வேன், நாள் பூரா சொல்வேன். ஆனா பத்து மாசமா குடிக்காத ஆளை, கைக்கட்டைப் பிரிச்சு வேலைக்குப் போயிட்டு இருக்கிற ஆளை, இந்த ஆளு எதுக்குச் சொல்லணும்? உண்மைக்கு உண்மைன்னு நான் சொல்லிட்டேன். "உங்க சங்கத்துலயே ஒருத்தர் இருக்காரு சார், முதல்ல அவரைக் கேளுங்க. அவருதான் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போறாரு. பன்னிரண்டு வருஷமா போறாரு."

"யாரு?"

"மோட்டார் சாவி வச்சிருக்காரே, அவரு."

"நயினாரா? அவரு செவ்வாய் சனி திருவாசகம் வகுப்புக்குல்ல போறாரு. அவரு சம்சாரமே சொன்னாங்களே."

ஆன்ட்டி, நீங்க அப்படிச் சொல்லி வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷமா திருவாசகம். மார்கழிக்கு மார்கழி கோயில்ல அவரைப் பாடச் சொல்லி, அவரு தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஓடியிருக்காரு. யாருக்குத் தெரியும் இதெல்லாம்? நான் சிரிச்சிட்டேன். சிரிச்சுக்கிட்டே, "என் பெயர் நயினார், நான் ஒரு குடிநோயாளி. இதுதான் சார் அவரு படிக்கிற திருவாசகம்"னேன். நாலு பேரும் சிரிச்சாங்க. ஜெகவீரன் சார் மட்டும் சிரிக்கல. நோட்டீஸை எண்ணாமலேயே வாங்கிட்டுப் போனாரு.

அடுத்த வாரம் வேற நோட்டீஸ் வந்துச்சு. தண்ணீர்த் தொட்டிப் பொறுப்பு மாற்றம். சார்கிட்ட இருந்து மோட்டார் சாவியை வாங்கிட்டாங்க. அதையும் நான்தான் எடுத்தேன் ஆன்ட்டி. எண்பத்தி நாலு காப்பி. ஒவ்வொரு தாளும் சுடச்சுட வெளிய வருது, நான் அடுக்குறேன். ஜெகவீரன் சார் கூட வந்தவர்கிட்டச் சொல்றாரு, "தண்ணியைத் தண்ணிக்காரன்கிட்டயே கொடுத்து வச்சிருந்தோம் பாரு இத்தனை நாளும்." பெரிய நகைச்சுவை. கூட்டத்துலயும் அதையேதான் சொன்னாராம். அன்னைக்கு எங்கப்பாவைப் பார்த்துச் சிரிச்ச அதே வாய் எல்லாம் சிரிச்சிருக்கும். நீங்க அன்னைக்கு எந்த நாற்காலியில இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது.

நான் செய்தது தப்பான்னு யோசிச்சுப் பார்த்தேன். நிறைய யோசிச்சேன். எங்கப்பா என் கதையைப் பதினாலு பேருகிட்டச் சொன்னாரு. நான் சார் கதையை அஞ்சு பேருகிட்டச் சொன்னேன். கணக்குப் பார்த்தா நான் பரவாயில்ல. இதை எங்கம்மாகிட்டச் சொன்னேன். எங்கம்மா மூஞ்சியைப் பார்க்காம, "அவுக அவுக கதையைச் சொன்னாக. நீ யாரு கதையைச் சொன்ன?"ன்னாங்க. எங்கம்மாவுக்குப் படிப்பு கிடையாது. அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

அதுல இருந்து சார் வரல. அஞ்சு வாரம், பத்து மீட்டிங். டீயை இப்ப வேற ஒருத்தர் போடுறாரு, கழனித்தண்ணி மாதிரி இருக்கு. படிக்கு யாரும் கொண்டு வர்றதும் இல்ல. வணக்கம் சொல்றப்ப எல்லாரும் ஒரு நொடி நிக்கிறாங்க, முதல் குரல் வரும்னு. வரல. அப்புறம் ஆளுக்கொரு நேரத்துல சொல்றாங்க. கேக்கச் சகிக்கல.

எங்கப்பா உங்க வீட்டுக்கு மூணு தடவை வந்தாரு. மூணு தடவையும் அவரு ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லி அனுப்பினீங்க. அந்த மனுசன் நம்பிக்கிட்டுத் திரும்பி வந்தாரு. செருப்பெல்லாம் பார்க்கத் தெரியாது அவருக்கு. "சாருக்கு என்மேல என்ன கோவம்னு தெரியல புள்ள, நான் எதாவது பேசிட்டேனா?"ன்னு தினமும் என்னைக் கேக்குறாரு. தினமும். சோறு போடும்போது கேக்குறாரு. துணி துவைக்கும்போது பின்னாடி வந்து நின்னு கேக்குறாரு. எத்தனை நாளைக்குத் தாங்குறது? நேத்துச் சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன், ஜெகவீரன் சார்கிட்ட, என் வாயாலதான்னு.

அடிப்பாருன்னு நினைச்சேன். குடிச்ச காலத்துல கையில கிடைச்சதை எறிவாரு. தட்டை நகர்த்தி வச்சுட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. அடிக்கல. "அப்ப எனக்கு நாளைக்கு அந்த வில்லை வேண்டாம்"னாரு. "அவரு கையால வாங்க வேண்டியது. அவரை வெளிய தள்ளிட்டு நான் அங்க போய் நிக்க மாட்டேன்."

இன்னைக்குக் காலையில முகச்சவரம் பண்ணினாரு. வெள்ளைச் சட்டையைப் போட்டாரு. சரி, மனசு மாறிட்டாருன்னு நினைச்சேன். ரெண்டு மணிக்குச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, பழைய கைலியோட வாசல்ல வந்து உக்காந்துட்டாரு. எங்க வாசல்ல இருந்து பார்த்தா தெரு முக்குல கடை தெரியும். எந்தக் கடைன்னு கேக்காதீங்க. பச்சைப் போர்டு. அதையே பார்த்துக்கிட்டு இருக்காரு. எங்கம்மா இன்னைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுட்டாங்க. கிடைக்கவே கிடைக்காத லீவை எப்படி வாங்கினாங்களோ. அவருக்கும் தெரு முக்குக்கும் நடுவுல, வாசப்படியில குறுக்க உக்காந்து வெங்காயம் உரிக்கிறாங்க. மூணு கிலோ வெங்காயம் ஆன்ட்டி. எங்க வீட்ல மூணு பேரு.

பயமா? எனக்கென்ன பயம். குடிச்சா குடிச்சிட்டுப் போறாரு. பதினேழு வருஷம் பார்த்தாச்சு, இன்னும் ஒரு பதினேழு வருஷம். ஒரு மாதிரி பழகிடும். கண்ணுல தூசி. இந்த நகர்ல ரோடு போடச் சொல்லுங்க, அதுக்குத்தானே உங்க சங்கம் இருக்கு.

எதிர் வீட்டம்மா ஜன்னலைத் திறந்துட்டாங்க. பார்க்கட்டும். திரும்பாதீங்க, நீங்க திரும்பினா மூடிக்குவாங்க. திறந்தே இருக்கட்டும்.

உங்களுக்கு என்மேல கோவம்னு தெரியும். "நீ பேசினதுக்கு அப்புறம் நான் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கல"ன்னு இப்பச் சொன்னீங்களே. எங்கம்மா பதினேழு வருஷமா அப்படித்தான் நடக்கிறாங்க, அதைச் சொன்னா உங்களுக்குச் சண்டை போடுற மாதிரி இருக்கும். திருவாசகத்துக்குப் பதிலா எங்கம்மா, எங்கப்பாவுக்கு வாயுத் தொல்லைன்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஆளுக்கொரு கதை. உங்களுது கொஞ்சம் பெரிய இடத்துக் கதை.

இன்னொண்ணு மட்டும் சொல்லிடுறேன். பிறந்தநாள் அன்னைக்கு வீட்டாள் ஒருத்தரும் எந்திரிச்சுப் பேசணும் அங்க. அது வேற ஒரு வழக்கம். "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளியின் மகள்"னு ஆரம்பிக்கணுமாம். சார் ரெண்டு மாசம் முன்னாடியே என்கிட்டக் கேட்டாரு, பேசுறியாம்மான்னு. செத்தாலும் மாட்டேன்னேன். குடிகாரன் மகள்னு வேணா சொல்றேன், அதுவும் கடைசியிலன்னேன். சார் சிரிச்சிட்டு, "எப்ப வருதோ அப்பச் சொல்லு"ன்னாரு. என் வாயில இருந்து குடிநோயாளிங்கிற சொல்லு வந்தது அந்த ஒரு தடவைதான். ஜெராக்ஸ் கடையில. அதுவும் அடுத்தவர் பேரை முன்னாடி வச்சு.

மணி அஞ்சாகப் போகுது. நான் இங்க இருந்து வீட்டுக்குப் போகணும், அந்தச் சட்டையை ஆணியில இருந்து எடுக்கணும், அவரைக் கிளப்பணும். எடுக்கிறதா வேண்டாமான்னு இங்கதான் தெரியணும்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள ஃபேன் ஓடுது, நின்னுச்சு, மறுபடி ஓடுது. வீட்ல இல்லாத ஆளு ஃபேனை நிறுத்திட்டு நிறுத்திட்டுக் கேக்குறாரு. கேக்கட்டும். எதிர் வீட்டம்மாவுக்கும் கேக்கட்டும். ஜெகவீரன் சார் வீடு நாலாவது வீடுதானே, காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது. ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டுப் போறேன். சரியா வருதான்னு பார்க்கணும்ல.

என் பெயர் பேச்சி. நான் ஒரு குடிநோயாளியின் மகள்.

...

கேட்டுச்சா ஆன்ட்டி?

உள்ள இருந்து. "வணக்கம் பேச்சி"ன்னு.

இப்பச் சொல்லுங்க, சார் வீட்ல இல்லையா?